நகமா, சதையா? வெறும் விரலால் வீணை மீட்டிய தனம்மாளின் கதை

துடியலூரில் ஒரு அபார்ட்மென்ட். ராத்திரி மணி பத்து. கிடார் எடுத்து வாசித்தால் பக்கத்து வீட்டில் இருந்து ஆள் வந்துவிடும். யுகுலேலே என்றால் யாரும் வரமாட்டார்கள். சரவணம்பட்டிப் பக்கம் வேலை முடித்து, வெள்ளக்கிணர் வழியாக டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு வந்து சேர்பவர்களுக்கு இந்த நாலு தந்தி வாத்தியம் பிடித்துப்போவதற்கு அதன் அடக்கமான சத்தமும் ஒரு காரணம்.

ரெண்டு மாசம் கார்டு பிடித்து வருடிக்கொண்டே இருந்தால் போரடிக்கும். அடுத்தது விரலால் ஒவ்வொரு தந்தியாக மீட்டுவது. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். நகத்தால் மீட்டினால் 'டிக் டிக்' என்று கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. நகத்தை வெட்டிவிட்டு விரல் நுனிச் சதையால் மீட்டினால் இனிமையாக இருக்கிறது, ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கவில்லை. எது சரி? யூடியூபில் பத்து பேர் பத்து விதமாகச் சொல்வார்கள்.

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே, சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு பெண் தன் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்திருக்கிறார். சத்தம் வேண்டாம், நாதம் போதும் என்று முடிவெடுத்தவர். அந்த முடிவுக்காகச் சில விஷயங்களை இழக்கவும் செய்தார். அவர்தான் வீணை தனம்மாள்.

யார் இந்த தனம்மாள்?

1867-ல் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். பெயர் தனம். குடும்பம் தஞ்சாவூர் அரண்மனையோடு தொடர்புடைய தேவதாசி மரபுக் குடும்பம். பாட்டி காமாட்சி நாட்டியக்காரர். அம்மா சுந்தரம்மாள் பாடகி. சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடமே நேராகப் பாடம் கேட்டவர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவருடைய பாட்டு, வெளியாள் கை படாமல், வீட்டுக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறது.

தஞ்சாவூர்க் குடும்பம் சென்னைக்கு எப்படி வந்தது? 1855-ல் தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி வாரிசில்லாமல் இறந்தார். ஆங்கிலேயர்கள் அரசை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனை போனால் அரண்மனைச் சம்பளமும் போச்சு. பாட்டுக்காரர்கள், ஆட்டக்காரர்கள், நட்டுவனார்கள் பலர் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கு வந்தார்கள். அன்றைக்குச் சென்னையில் காசு புழங்கிய இடம் ஜார்ஜ் டவுன். துபாஷிகளும் செட்டியார்களும் வீட்டுக் கல்யாணத்துக்குக் கச்சேரி வைத்தார்கள். ராஜா இடத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனம் சின்ன வயசில் தங்கை ரூபவதியோடு சேர்ந்து பாடியவர். வீட்டில் கற்றது போக, சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைக் கற்றார். பாலதாஸ் என்று அழைக்கப்பட்ட பார்வையற்ற வித்வான் ஒருவரிடம் க்ஷேத்ரக்ஞரின் பதங்களைக் கற்றார். பதம் என்பது தெலுங்கில் காதலை, பிரிவை, கோபத்தை மெதுவாகச் சொல்லும் பாட்டு வகை. ரொம்ப மெதுவாக. இன்றைய ரீல்ஸ் வேகத்துக்குப் பழகிய காதுக்கு முதலில் எதுவும் நடக்காதது மாதிரியே இருக்கும். இந்த மெதுவான பாட்டுகள்தான் தனம்மாளின் விரல்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானித்தன என்று நினைக்கிறேன். அதைப் பின்னால் பார்ப்போம்.

கொங்குப் பக்கத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. தர்மபுரி சுப்பராயர் என்பவர் அரசாங்கத் தாலுகா ஆபீஸ் வேலையில் இருந்தவர், ஜாவளி எழுதுவதில் கெட்டிக்காரர். ஜாவளி என்பது பதத்தின் துடுக்கான தங்கை மாதிரி, வேகமும் குறும்பும் கூடியது. தனம்மாளோடு நெருங்கிய நட்பு கொண்டிருந்த அவர், தன் ஜாவளிகளில் பலவற்றை அவருக்காகவே எழுதியதாக இசை வட்டாரத்தில் சொல்வார்கள். அந்த ஜாவளிகள் இன்றும் மேடையில் இருக்கின்றன.

விரல் என்ன செய்கிறது?

கொஞ்சம் வாத்தியத்தைப் புரிந்துகொண்டால்தான் தனம்மாளின் முடிவு எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சரஸ்வதி வீணையில் மொத்தம் ஏழு தந்தி. நாலு தந்தி பாட்டுக்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். மூன்று பக்கத் தந்திகள் தாளத்துக்கும் சுருதிக்கும். வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மேலிருந்து கீழாகப் பாட்டுத் தந்திகளை மீட்டும். சுண்டு விரல் கீழிருந்து மேலாகப் பக்கத் தந்திகளைத் தட்டித் தாளம் போடும். யுகுலேலேயில் கட்டை விரல்தான் மேல் ரெண்டு தந்திகளுக்கு முதலாளி. வீணையில் கட்டை விரலுக்கு மீட்டும் வேலையே கிடையாது.

யுகுலேலேயின் தந்தி நைலான் மாதிரி மெதுவான பொருள். வீணையின் சாரணியும் பஞ்சமமும் எஃகுக் கம்பி. வெறும் விரலால் அரை மணி நேரம் மீட்டிப் பாருங்கள், விரல் எரியும். கொப்புளம் வரும், காய்ப்பு ஏறும். அதனால்தான் வீணைக்காரர்களில் பலர் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பியை வளைத்துச் செய்த ஒரு செயற்கை நகத்தை மாட்டிக்கொள்கிறார்கள். விரலுக்குப் பாதுகாப்பு, சத்தமும் கூடுதல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

தனம்மாள் அதை மாட்டவில்லை. கடைசி வரை வெறும் விரல்தான்.

இதனால் என்ன வித்தியாசம்? இதற்கு எளிமையான இயற்பியல் இருக்கிறது. தந்தியை விரலால் இழுக்கும்போது அது ஒரு முக்கோணம் மாதிரி வளைகிறது. மீட்டும் பொருள் கூர்மையாகவும் கடினமாகவும் இருந்தால் அந்த முக்கோணத்தின் முனை கூராக இருக்கும். கூரான முனை விடுபடும்போது அடிப்படைச் சுரத்தோடு மேலே இருக்கும் நுண்ணிய சுரங்களும் பலமாகக் கிளம்பும். அதைத்தான் 'பளிச்' என்று சொல்கிறோம். விரல் நுனிச் சதை அகலம், மெத்து. முக்கோணத்தின் முனை மழுங்கிவிடும். மேலே இருக்கும் நுண்சுரங்கள் குறையும், அடிச்சுரம் பருமனாகக் கேட்கும். கம்பி நகம் தந்தியில் படும்போது எழும் 'டிக்' சத்தமும் இருக்காது.

வீணைக்கு இந்த 'டிக்' ஏன் பெரிய பிரச்சினை? வீணையின் உயிர் இடது கையில் இருக்கிறது. மெழுகில் பதித்த 24 மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் மூன்று நாலு சுரம் வரை போய்வர முடியும். மனுஷக் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற மாதிரி. ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தேய்கிற நாதத்தில்தான் கமகம் எல்லாம் நடக்கிறது. ஆரம்பத்திலேயே சத்தம் பலமாக அடித்துவிட்டால் காது அதற்குப் பழகிவிடும், பின்னால் வரும் மெல்லிய நாதம் அதன் முன்னால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆரம்பமே மெதுவாக இருந்தால், வால் நீளமாகக் கேட்கும். மெதுவான பதத்தில் ஒரு சொல்லை இழுத்து நிறுத்த வேண்டிய ஆளுக்கு அந்த வால்தான் முக்கியம்.

இன்னொரு விஷயம், தனம்மாள் வாசித்துக்கொண்டே பாடுவார். பாட்டுக்காரியாகத் தொடங்கியவர் அல்லவா. குரல் எங்கே முடிகிறது, வீணை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது என்பது கேட்டவர்கள் பலர் விட்டுப்போன வர்ணனை. கம்பி நகம் போட்டிருந்தால் அந்த ஒட்டு தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவில் அவர் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே வீணை நடக்கும். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, மைக் கிடையாது. மிருதங்கமும் பெரும்பாலும் கிடையாது. இருந்தால் வீணை அமுங்கிப் போய்விடும். ஒரு அறையில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர்தான் ரசிகர்கள்.

ஆனால் அந்த அறையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், டைகர் வரதாச்சாரியார், காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை என்று அன்றைய கர்நாடக சங்கீதத்தின் முதல் வரிசைக்காரர்கள் அவர் வாசிப்பின் ரசிகர்கள். வெளியே ஆயிரம் பேரைக் கட்டிப்போடும் வித்வான்கள் இங்கே வந்து கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். இன்றைய மொழியில் சொன்னால், ஃபாலோயர் எண்ணிக்கை கம்மி, ஆனால் ஃபாலோ பண்ணுகிறவர்கள் எல்லாருமே பெரிய கைகள்.

அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. அமைதி. இருமக்கூடப் பயந்து உட்கார்ந்திருப்பார்கள், யாராவது பேசினால் வாசிப்பு நின்றுவிடும் என்றெல்லாம் கதைகள் இருக்கின்றன. கதைகளில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அடிப்படையில் அது திமிர் இல்லை, தேவை. வெறும் விரலால் மீட்டிய வீணையின் கடைசி இழை கேட்க வேண்டுமென்றால் அறை அமைதியாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு கஃபேயில் யுகுலேலே வாசித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். காப்பி மெஷின் ஒரு முறை இரைந்தால் போதும், நாலு வரி காணாமல் போய்விடும்.

அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையிலும் இதே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ டாரேகா (1852-1909), கிளாசிக்கல் கிடாரின் முன்னோடிகளில் ஒருவர், வாழ்க்கையின் பிற்பகுதியில் நகத்தை விட்டுவிட்டு விரல் சதையால் மட்டும் மீட்ட ஆரம்பித்தார். அவர் மாணவர் எமிலியோ புஜோல் இந்த நகமா சதையா விவாதத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அடுத்த தலைமுறையில் வந்த ஆந்த்ரேஸ் செகோவியா பெரிய அரங்குகளில் வாசித்தவர், நகத்தையும் சேர்த்துக்கொண்டார். அரங்கு பெரிதானால் நகம் திரும்பி வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? மெட்ராஸிலும் அதுதான் நடந்தது.

யுகுலேலேயின் கதையும் இதே காலத்துக்காரிதான். 1879 ஆகஸ்ட்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹவாய் ஹொனலுலுவில் போய் நின்றது. அவர்கள் கையோடு கொண்டுவந்த சின்ன நாலு தந்தி வாத்தியத்திலிருந்து பிறந்ததுதான் யுகுலேலே. அந்த வருஷம் தனத்துக்கு வயசு 12.

கோயம்புத்தூர் தாயி: ஒரு சின்ன கிளைக்கதை

தனம்மாள் காலத்தில் ஜார்ஜ் டவுன் இசை உலகில் இருந்த இன்னொருவர் நம்ம ஊர்க்காரர். கோயம்புத்தூர் தாயி (1872-1917). சொந்தப் பெயர் பழனிகுஞ்சரம். இவரும் தேவதாசி மரபில் வந்தவர்தான். ஆனால் இவர் போன பாதை நேர் எதிர். கிராமபோன் கம்பெனிக்காரர்கள் இந்தியா வந்தவுடன் இசைத்தட்டு கொடுத்தவர்களில் ஒருவர், அந்தக் காலத்து நட்சத்திரம்.

அவர் குரல் பாரிஸ் வரைக்கும் போனது. மாரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் தாயியின் பாட்டைக் கேட்டு அசந்துபோய், 1910-களில் 'ராகமாலிகா' என்றே ஒரு பாட்டு எழுதினார். அதில் பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டையைச் செருகி, அதன் மணியோசையை அமுக்கி, இந்திய நாதத்தைக் கொண்டுவரப் பார்த்தார். பியானோவின் சத்தத்தைக் குறைத்தால்தான் அந்த நாதம் வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தனம்மாள் கம்பி நகத்தை ஒதுக்கியதன் பின்னால் இருப்பதும் அதே காதுதான்.

தாயி இறந்தது 45 வயதில். கோவையில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது வேறு கேள்வி.

வெளியே உலகம் மாறியது

தனம்மாளுக்கு அறுபது வயசாகும்போது சென்னையில் சங்கீதம் வீட்டை விட்டு சபாவுக்குப் போய்விட்டது. 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கியது. டிக்கெட் வாங்கி உள்ளே வரும் கூட்டம், நாற்காலி வரிசைகள், அப்புறம் மைக். கச்சேரியின் வேகம் கூடியது. ஆயிரம் பேர் இருக்கும் அரங்கில் வெறும் விரல் வீணை என்ன செய்ய முடியும்?

அதே வருஷங்களில் இன்னொரு அலையும் அடித்தது. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான், அதில் ரெண்டு கருத்து இல்லை. 1947-ல் சட்டமும் முழுதாக வந்தது. ஆனால் அந்த விவாதத்தின் சூட்டில், அந்த மரபில் பிறந்த பெண்களின் கலையும் சேர்த்தே அவமானமாகப் பார்க்கப்பட்டது. அவர்களை வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக் கௌரவித்த குடும்பங்கள் ஒதுங்கத் தொடங்கின. புரவலர் ஒதுங்கினால் வருமானம் ஒதுங்கும். இந்தக் குடும்பப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்த பதங்களை மேல்சாதி வீட்டுப் பெண்கள் மரியாதையாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களுக்கு அந்த மரியாதை அதே அளவில் போய்ச் சேரவில்லை. இதைச் சொல்லாமல் தனம்மாளின் கதையை வெறும் 'தெய்வீக நாதம்' கதையாகச் சொல்வது நியாயமில்லை.

தனம்மாளின் கடைசி வருஷங்கள் சுலபமானவை இல்லை. பணக் கஷ்டம் இருந்தது. கண் பார்வையும் மங்கியது. வீணைக்குக் கண் தேவையில்லைதான், விரலுக்கு மெட்டு தெரியும். ஆனால் நாலு மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பெரிய குடும்பத்தை நடத்துவதற்கு அது போதாது. சத்தமாக வாசித்திருந்தால், பெரிய சபாக்களைத் தேடிப் போயிருந்தால், நிலைமை வேறாக இருந்திருக்குமோ? இருந்திருக்கலாம். அந்தக் காலத்திலேயே கம்பீரமான நாதத்தோடு பெரிய கூட்டத்தைக் கட்டிப்போட்ட காரைக்குடி சகோதரர்கள் இருந்தார்களே. சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் இரட்டை வீணையாக வாசித்து ஊர் ஊராகப் பேர் வாங்கினார்கள். அவர்கள் வழி தப்பு என்று யாரும் சொல்ல முடியாது, அதுவும் ஒரு பெரிய பாணி. தனம்மாள் தன் பாணியை அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் நமக்கு அவர் வாசிப்பு எப்படிக் கேட்கிறது?

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1925 வரை இசைத்தட்டுப் பதிவு என்றால் ஒரு பெரிய கொம்புக் குழலுக்குள் கத்திப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் விசையிலேயே ஊசி மெழுகைக் கீறும். தாயி மாதிரி கணீர்க் குரல்காரர்களுக்கு அது சரி. தனம்மாளின் வீணை அந்தக் கொம்புக்குள் போயிருந்தால் ஒன்றும் பதிவாகியிருக்காது. 1925-க்குப் பிறகு மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. 1930-களில் கொலம்பியா கம்பெனி தனம்மாளின் வீணையைச் சில தட்டுகளில் பதிவு செய்தது. அப்போது அவருக்கு வயசு அறுபத்தைந்துக்குப் பக்கம். எந்த மைக் அவருடைய வீட்டுக் கச்சேரி உலகத்தை ஓரங்கட்டியதோ, அதே மைக்தான் அவருடைய நாதத்தை நமக்காகப் பிடித்துவைத்தது.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம். ஒரு ராகத்தை ஆற அமர வாசிக்கும் ஆளை மூன்று நிமிஷத்தில் முடி என்று சொன்னால் எப்படி? கிடைப்பது முழுப் படம் இல்லை, ஜன்னல் வழியாக ஒரு பார்வை.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. வீட்டுக்கு வீடு வீணை கேட்கும் காலம் பிறந்தது. நாலு மாசத்தில், அக்டோபர் 15 அன்று, தனம்மாள் இறந்துபோனார். வயசு 71.

டி. என்றால் அப்பா பேர் இல்லை

அவருடைய பேரப்பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். நாட்டியத்தில் டி. பாலசரஸ்வதி. பாட்டில் டி. பிருந்தா, டி. முக்தா. வயலினில் டி. அபிராமசுந்தரி. புல்லாங்குழலில் டி. விஸ்வநாதன். மிருதங்கத்தில் டி. ரங்கநாதன். விஸ்வநாதனும் ரங்கநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறை மேல்நாட்டு மாணவர்களுக்குக் கர்நாடக இசையைக் கற்றுக்கொடுத்தவர்கள். 1973-ல் பாலசரஸ்வதிக்கும் 1976-ல் பிருந்தாவுக்கும் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. ஒரு நாட்டியக் கலைஞருக்கு அந்தப் பட்டம் போனது பெரிய செய்தி.

எல்லாருக்கும் ஏன் 'டி'? அது தஞ்சாவூர். அப்பா பேரின் முதல் எழுத்து இல்லை. தாய் வழியாக வாரிசு போகும் குடும்பத்தில் ஊர்தான் இனிஷியல். பாஸ்போர்ட் ஃபாரத்தில் இனிஷியலை விரித்து எழுதத் திணறியவர்கள் இதை ரசிப்பார்கள்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். தனம்மாளின் பாட்டு பேத்திகளின் குரலில் வந்தது. பாலசரஸ்வதியின் அபிநயத்தில் வந்தது. வீணையில்? பிருந்தாவுக்கு வீணை தெரியும், ஆனால் உலகம் அவரைப் பாடகியாகவே அறிந்தது. குடும்பத்துக்கு வெளியே சாவித்திரி ராஜன் அவரிடம் நேராகக் கற்றுக் கடைசி வரை அந்த மென்மையைக் காத்தவர். அவரும் பெரிய மேடைகளின் ஆள் இல்லை. பின்னாட்களில் வந்த வீணைக் கலைஞர்கள் வாத்தியத்திலேயே மைக் ஒட்டி வாசிக்க ஆரம்பித்தார்கள். 2010-ல் தனம்மாளுக்குத் தபால் தலை வந்தது. அவருடைய விரல் வந்ததா என்றால், பதில் சொல்வது கஷ்டம்.

சரி, என் யுகுலேலேக்கு என்ன கிடைக்கும்?

நேரடியாகவே சில விஷயம் எடுத்துக்கொள்ளலாம். முதலில், மீட்டும் இடம். குதிரைக்குப் பக்கத்தில் மீட்டினால் கூர்மையான, தகரச் சத்தம். கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு நகர்ந்தால் வட்டமான சத்தம். தந்தியின் சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை நுண்சுரங்கள் எல்லாம் அமுங்கிப்போகும், கிட்டத்தட்ட புல்லாங்குழல் மாதிரி ஒரு வெறுமை வரும். நகம் வளர்ப்பதா வெட்டுவதா என்று குழம்புவதற்கு முன்னால் கையை ரெண்டு அங்குலம் நகர்த்திப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ரெண்டாவது, சதையும் நகமும் எதிரிகள் இல்லை. விரல் நுனிக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நகம் இருந்தால், தந்தி முதலில் சதையில் பட்டு, அப்புறம் நகத்தில் வழுக்கி விடுபடும். கிடார்காரர்கள் பலர் இப்படித்தான். நகத்தின் ஓரம் சொரசொரப்பாக இருந்தால் அது அப்படியே தந்தியில் கேட்கும், அதனால் மெல்லிய தாளால் தேய்த்துவிடுங்கள். கீபோர்டில் நாள் முழுக்கத் தட்டும் வேலை என்றால் நீள நகம் தாங்காது, சதைக்கே பழகிக்கொள்வது நல்லது.

மூன்றாவதுதான் தனம்மாளிடமிருந்து நேராக வருவது. கம்மியாக மீட்டுங்கள். யுகுலேலேயில் நாதம் சீக்கிரம் செத்துப்போகும், வீணை மாதிரி நீளாது. அதனாலேயே எல்லாரும் இடைவெளியை அடுத்த மீட்டு போட்டு நிரப்பப் பார்க்கிறார்கள். ஒரு தந்தியை மீட்டி, இடது கையை எடுக்காமல், அது முழுதாக அடங்கும் வரை காத்திருந்து பாருங்கள். எவ்வளவு நேரம் கேட்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும். இடது விரலைத் தூக்கும் அவசரத்தில்தான் பாதி நாதத்தை நாமே வெட்டிவிடுகிறோம்.

அந்தப் பழைய தட்டுப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, தேடினால் வந்துவிடும். போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். இயர்போன் மாட்டுங்கள். முதலில் 'கர்ர்' என்ற ஊசிச் சத்தம்தான் கேட்கும், மழை பெய்கிற மாதிரி. துடியலூர்க்காரர்கள் மேட்டுப்பாளையம் ரயில் போய் முடியும் வரை காத்திருங்கள். அப்புறம் ஒலியைக் கூட்டாமல் கேளுங்கள். அரை நிமிஷத்தில் காது அந்த மழையை ஒதுக்கிவிடும். அதுக்குப் பின்னாடி ஒரு தந்தி, ஒரு மீட்டு, அது வளைந்து வளைந்து போகும்.

ரெண்டு தடவை கேளுங்க. முதல் தடவை ஒண்ணும் புரியலைன்னா அது சகஜம்.